கண்காட்சிக்குக் கோழியை ஆயத்தம் செய்தல்: எது பராமரிப்பு, எது ஏமாற்று?

சம்பா அறுவடை முடிந்து களம் ஓய்ந்ததும், நமது திருவாரூர்ப் பகுதி உழவர்கள் சிலர் தங்கள் சேவலைக் கூண்டில் வைத்துக்கொண்டு வெளியூர்க் கண்காட்சிக்குப் புறப்படுகின்றனர். 2010-க்குப் பின்வந்த ஆண்டுகளில் திண்டுக்கல் போன்ற ஊர்களில் கிளிமூக்கு, விசிறிவால் அசில் சேவல்களுக்கென்றே கண்காட்சிகள் நடந்துள்ளன. அங்கே சேவல்களைச் சண்டைக்கு விடுவதில்லை. மூக்கின் வளைவு, வாலின் விரிவு, நிறம், உயரம், உடற்கட்டு ஆகியவற்றைப் பார்த்தே பரிசு தருகின்றனர். பரிசு பெற்ற சேவல் பல்லாயிரம் ரூபாய்க்கு விலை போகிறது. பணம் புரளும் இடத்தில் பூச்சுவேலையும் வந்து சேரும். ஆகையால் போட்டிக்குச் செல்பவரும், அங்கே சேவல் வாங்கச் செல்பவரும் சில செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

பயிர்த்தொழில் ஆசிரியருக்குக் கோழியோடு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். மன்னார்குடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த உழவர் ஒருவர், கறவை மாட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்த பணத்தில் பரிசு பெற்ற காகச் சேவல் ஒன்றை வாங்கி வந்தார். உடல் முழுதும் ஒரே கறுப்பு. அடுத்த முறை இறகு உதிர்ந்து முளைத்தபோது இரு இறக்கைகளிலும் வெள்ளை இறகுகள் வந்தன. அடிபட்ட இடத்திலும், வயது ஏறிய கோழியிலும் தானாகவே வெள்ளை இறகு முளைப்பது உண்டு. ஆகவே விற்றவரை உடனே குற்றம் சொல்ல வேண்டாம் என்றேன். ஆனால் அந்தச் சேவலுக்குப் பொரித்த 14 குஞ்சுகளில் 5 குஞ்சுகள் வளர்ந்ததும் இறக்கையில் வெள்ளை காட்டின. தாய்ப் பெட்டைகளின் வழியில் அவ்வாறு வந்ததே இல்லை. அவர் இழந்தது சேவல் விலையை மட்டுமன்று, ஓராண்டு ஈற்றையும் சேர்த்தே.

விதைப் பயிரும் சேவலும்

விதைக்கு விட்ட நெல்வயலில் கலவன்களைப் பூக்கும் முன்பே வேரோடு பிடுங்குமாறு நாங்கள் சொல்லி வருகிறோம். சேவலில் மாற்று நிற இறகைப் பிடுங்குவதும் அதுபோன்றதுதானே என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். இரண்டும் ஒன்றல்ல. பிடுங்கிய கலவன் செடி தன் குணத்தையும் எடுத்துக்கொண்டு வயலை விட்டுப் போய்விடுகிறது. பிடுங்கிய இறகு மட்டும் போகிறது. அதன் குணம் சேவலுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒவ்வொரு குஞ்சும் தன் மரபில் பாதியைச் சேவலிடமிருந்தே பெறுவதால், மறைத்த குறை வாங்கியவர் வீட்டுப் பஞ்சாரத்தில் வெளிப்படும்.

இதிலிருந்தே வரம்பு எங்கே என்று தெரிந்துகொள்ளலாம். கோழிக்கு இயல்பாக உள்ளதை நல்ல தீனியாலும் தூய்மையாலும் வெளிக்கொணர்வது பராமரிப்பு. இல்லாததை உள்ளதாகவும், உள்ள குறையை இல்லாததாகவும் காட்டுவது ஏமாற்று. மாட்டுச் சந்தையில் கொம்பைச் சீவி எண்ணெய் பூசி வயதை மறைப்பதும், பால் கறக்காமல் மடியைக் கட்டவிட்டு நிறுத்துவதும் நமக்குத் தெரிந்தவைதாமே.

இறகுக்குத் தீனி

கண்காட்சிக்கு ஆயத்தம் செய்வது என்றால் முதல்நாள் குளிப்பாட்டுவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவ்வேலை மூன்று மாதம் முன்னதாக, இறகு உதிரும் பருவத்திலேயே தொடங்க வேண்டும். ஈரம் நீக்கிய இறகில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் புரதமே உள்ளது. குருணையும் தவிடும் மட்டுமே தின்னும் சேவலுக்கு வால் இறகு மெலிந்தும் இடையிடையே கோடு விழுந்தும் வளரும். இந்நாள்களில் கடலைப்பிண்ணாக்கு, எள்ளுப்பிண்ணாக்கு, உப்பில்லாத கருவாட்டுத்தூள் ஆகியவற்றைத் தீனியில் கலந்து கொடுக்கவும். நெல்வயலிலோ தொட்டியிலோ அசோலா வளர்ப்பவர்கள் அதையும் ஒரு கைப்பிடி கொடுக்கலாம்.

முறிந்த இறகு இருந்தால் அதை வெட்டக் கூடாது. வெட்டிய இறகு அடுத்த உதிர்வு வரை அப்படியே நிற்கும். அடியோடு பிடுங்கினால் ஆறு முதல் எட்டு வாரங்களில் புது இறகு முளைக்கும். வாலின் நீண்ட இறகுகளுக்கு இன்னும் கூடுதலான காலம் வேண்டும். முறிந்ததைப் பிடுங்கிவிட்டு அதே நிறத்தில் இறகு வளரக் காத்திருப்பதில் தவறில்லை.

குளிப்பாட்டும் முறை

அசில் சேவலின் இறகு உடலோடு ஒட்டிய கெட்டி இறகு. அதற்குப் பெரும்பாலும் முழுக் குளியல் தேவைப்படாது. ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த பட்டுத்துணியால் கழுத்திலிருந்து வால் நோக்கித் தேய்த்துவிட்டால் மினுமினுப்பு வரும். வெள்ளைக் கோழிகளையும் தளர்ந்த இறகுள்ள இனங்களையும் கண்காட்சிக்கு இரண்டு மூன்று நாள்கள் முன்பு குளிப்பாட்டலாம். தை மாதப் பனியில் காலை 10 மணிக்கு மேல் வெயில் வந்த பின்னரே செய்தல் வேண்டும்.

மூன்று அன்னக்கூடைகளில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக்கொள்ளவும். முதலாவதில் மென்மையான சோப்பைக் கரைத்து, கோழியைக் கழுத்தளவு இறக்கி, இறகு படிந்த திசையிலேயே கையால் நீவவும். எதிர்த்திசையில் தேய்த்தால் இறகு ஒடியும். தலையை நீரில் அமிழ்த்தாமல் துணியால் துடைக்கவும். இரண்டாவதில் அலசவும். மூன்றாவதில் இரண்டு கரண்டி வினிகர் கலந்து அலசினால் எஞ்சிய சோப்பு போய்விடும். துணியால் ஒற்றி எடுத்து, காற்றடிக்காத வெயிலில் புது வைக்கோல் பரப்பிய கூண்டில் விடவும். மாலைக்குள் அடி இறகு வரை உலர்ந்திருக்க வேண்டும்.

கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சுண்ணாம்பு படிந்தாற்போல் இருந்தால் அது அழுக்கன்று. செதிலுக்கு அடியில் புகும் நுண்ணிய உண்ணியின் வேலை. சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லத் தேய்த்துக் கழுவி, தேங்காய் எண்ணெயோ வேப்பெண்ணெயோ வாரம் ஒருமுறை சில வாரங்களுக்குத் தடவினால் குணமாகும். மண்ணெண்ணெய் தடவுவது தோலைப் புண்ணாக்கும்.

இரண்டுங்கெட்டான் இடங்கள்

கொண்டையிலும் காலிலும் ஒரு சொட்டு எண்ணெய் தடவித் துடைப்பதை யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. கட்டாந்தரை கிடைக்காமல் நீண்டுவிட்ட நகத்தின் நுனியை வெட்டலாம். சாதாரணக் கோழியில் நீண்டு வளர்ந்த அலகு நுனியை அரத்தால் தேய்ப்பதும் அப்படியே. ஆனால் கிளிமூக்குச் சேவலுக்கு மூக்கின் வளைவைப் பார்த்தே பரிசு. அங்கே அரத்தால் வடிவம் கொடுப்பது ஏமாற்று. செயல் ஒன்றாக இருந்தாலும் நடுவர் எதைப் பார்க்கிறார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

மஞ்சள் கால் நல்ல எடுத்துக்காட்டு. மஞ்சள் கால் உள்ள இனத்திற்குக் கீரை, அசோலா, மஞ்சள் மக்காச்சோளம் கொடுத்தால் நிறம் ஏறும். இது தீனியின் பயன். அரைத்த மஞ்சளைப் பூசுவது ஏமாற்று. இடையே ஒரு குறிப்பு: முட்டை இடத் தொடங்கிய பெட்டையில் இந்த மஞ்சள், முதலில் எச்சத் துவாரத்தின் ஓரத்திலும் கண் ஓரத்திலும், பின்னர் அலகிலும், கடைசியில் காலிலும் வெளுக்கும். பல மாதம் முட்டையிட்ட பெட்டை என்று சொல்லி, கால் பொன்னாக மின்னினால், விலை பேசும் முன் யோசிக்கவும்.

வெளிநாட்டு விதிகள்

இங்கிலாந்தில் 1835-இல் சேவற்சண்டை தடை செய்யப்பட்டது. 1845-இல் இலண்டன் விலங்கியல் தோட்டத்தில் கோழிக் கண்காட்சி நடந்தது. அமெரிக்காவில் 1873-இல் தொடங்கிய கோழி வளர்ப்போர் சங்கம், மறு ஆண்டே ஒவ்வோர் இனத்தின் இலக்கணத்தையும் நூலாக அச்சிட்டது. அச்சங்கத்தின் விதிப்படி நடுவரை ஏமாற்றும் முயற்சி கண்டுபிடிக்கப்பட்டால் பறவை தகுதி இழக்கும். இறகுக்குச் சாயம் ஏற்றுதல், வெளுத்தல், மாற்று நிற இறகை அகற்றுதல், வேறு இறகை ஒட்டுதல், வழுவழுப்பான காலில் முளைத்த இறகைப் பிடுங்கி அத்துளையை அடைத்தல், கொண்டையின் பக்க முளையை நீக்குதல் ஆகியவை இதில் அடங்கும். நம் நாட்டில் கொண்டையைக் கத்தியால் செதுக்குவது ஏமாற்று மட்டுமன்று. உறுப்பைச் சிதைப்பது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும் ஆகும். சேவல்களைச் சண்டைக்குத் தூண்டுவதும் அதே சட்டத்தில் குற்றமே.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

நனைத்த வெள்ளைத் துணியால் கழுத்து, இறக்கை, கால் மூன்றையும் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் விட்டுவிடலாம். துணிக்கு அசையாத தலைச்சாயமும் உண்டு. அதற்கு, இறகை விலக்கி அடித்தண்டையும் புதிதாக முளைக்கும் குருத்திறகையும் நோக்குங்கள். சாயம் மேலே நிற்கும். குருத்தில் இயல்பு நிறம் தெரியும். வால் இறகுகளின் தண்டை அடியிலிருந்து நுனி வரை விரலால் நீவினால் ஒட்டுப்போட்ட இடம் முடிச்சாகத் தட்டுப்படும். எடை போடும் முன் இரைப்பையைத் தடவிப் பாருங்கள். கல்லாக இருந்தால் தீனி திணித்திருக்கலாம். இளஞ்சேவல் பிரிவில் நிற்கும் பறவையின் கால்முள் மழுங்கி, அரம் பட்ட தடம் இருந்தால் வயதைக் குறைத்திருக்கக் கூடும்.

இவற்றையெல்லாம்விட உறுதியான சோதனை ஒன்று உண்டு. சேவலின் தாய் தகப்பனையும், அதற்குப் பிறந்த குஞ்சுகளையும் விற்பவர் வீட்டுக்கே சென்று பாருங்கள். காட்ட மறுப்பவரிடம் பரிசுக்கோப்பை எத்தனை இருந்தாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை.

நோயை மறைத்தல்

சளி ஒழுகும் மூக்கைத் துடைத்துவிட்டு, ஊசி போட்டு நிமிர்த்திக் கூண்டில் ஏற்றுவதை ஏமாற்றுகளில் மிகக் கொடியதாகவே நான் கருதுகிறேன். சாயம் பூசிய சேவல் அதை வாங்கிய ஒருவரைக் கெடுக்கும். நோய்ச் சேவல் பல ஊர்க் கோழிகளைக் கொல்லும். வெள்ளைக்கழிச்சல் பரவ ஒரு நாள் கூட்டம் போதும். புறப்படுவதற்கு மூன்று வாரம் முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.

திரும்பி வந்த சேவலையும், புதிதாக வாங்கிய சேவலையும் நேரே கூட்டத்தில் விடாமல், குறைந்தது மூன்று வாரம் தனியே, கொல்லையின் மறுகோடியில் வைத்திருங்கள். தீனி வைக்கும்போது வீட்டுக் கோழிகளுக்கு முதலில் வைத்துவிட்டு, கடைசியாக அதனிடம் செல்லுங்கள். அதன் தண்ணீர்ச் சட்டியை மற்றவற்றோடு சேர்த்துக் கழுவ வேண்டாம். கொண்டுசென்ற கூண்டையும் கிருமிநாசினி இட்டுக் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் கவிழ்த்து வையுங்கள்.