புதுப் பற்றரி வாங்குமுன் மீற்றரை எடுங்கள்

கற்பிட்டியில் ஒரு பக்கம் களப்பு, மறுபக்கம் கடல். மே மாதம் சோளகக் காற்று எழும்பிவிட்டால் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், வானின் பற்றரி முனை எல்லாவற்றிலும் உப்பு படியும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் இந்தக் கரையில் வயதான வாகனங்கள் நிறைய ஓடுகின்றன. “பற்றரி இறங்குது” என்று கராஜுக்குப் போனால் வரும் பதில், “மாத்திப் போடுங்க தம்பி.” மாற்றுகிறோம். வாகனத்துக்குள் கரண்ட் எங்கேயோ ஒழுகிக்கொண்டிருந்தால் புதியதும் அதே வழியில்தான் போகும்.

எங்கள் டொல்பின் வான் தினமும் ஓடினால் ஒரு குறையும் சொல்லாது. மூன்று நான்கு நாள் நிறுத்தினால், சாவியைத் திருப்பும்போது ‘டக்’ என்ற சத்தம் மட்டும் வரும். சாதாரண மல்டிமீற்றர் ஒன்றை வைத்தே காரணத்தைக் கண்டுபிடித்தோம்.

முதலில் வோல்ற். இரவு முழுக்க நின்ற வாகனத்தில் நல்ல பற்றரி 12.6 காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். எஞ்சின் ஓடும்போது 13.8க்கும் 14.4க்கும் இடையில் நின்றால் ஓல்டனேற்றர் சார்ஜ் ஏற்றுகிறது என்று கொள்ளலாம். அடுத்தது, நம் கரைக்கு மிக முக்கியமானது. ஒருவர் ஸ்டார்ட் அடிக்கும்போது, மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் ஈயக் குமிழிலும் மற்றதை அதைக் கவ்வும் கிளிப்பிலும் வையுங்கள். இரண்டும் ஒட்டியிருக்கும் இடம். ஏறக்குறையப் பூச்சியம்தான் காட்டவேண்டும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் பற்றரியில் பழி இல்லை, நடுவில் உப்பும் பச்சைக் களிம்பும் அடைத்து நிற்கிறது. அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, உரசித் துடைத்து, வசிலீன் பூசினால் போதும்.

எங்கள் வானில் இவை எல்லாம் சரியாக இருந்தன. ஆகவே அம்பியர் பார்க்க வேண்டியதாயிற்று. இந்த இடத்தில் அவசரம் கூடாது. சாவியை எடுத்து, விளக்கெல்லாம் அணைத்து, மீற்றரின் சிவப்பு வயரை 10 அம்பியர் துளைக்கு மாற்றவேண்டும். மில்லி அம்பியர் துளையில் குத்தினால் உள்ளே இருக்கும் பியூஸ் போய்விடும். பற்றரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவே மீற்றரைப் பிடிக்கவேண்டும். அம்பியரில் வைத்த மீற்றரைப் பொசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் குறுக்கே ஒருபோதும் வைக்காதீர்கள். அது நேரடி ஷோர்ட். மீற்றர் இப்படி நடுவில் இருக்கும்போது ஸ்டார்ட்டும் அடிக்கக் கூடாது.

நின்ற வாகனம் 0.05 அம்பியருக்குள் இழுத்தால் கவலை இல்லை. எங்களுக்கு 0.42 காட்டியது. நாளுக்குப் பத்து அம்பியர் மணி. 70 அம்பியர் மணி பற்றரியில் பாதி நான்கு நாளைக்குள் கரைந்துவிடும். வானின் வருத்தத்துக்குக் கணக்கு அப்படியே பொருந்தியது.

பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். எண் விழுந்தால் ஒழுகல் அந்தப் பாதையில் இருக்கிறது. பெட்டி முழுக்கக் கழற்றியும் 0.42 அசையவில்லை. இந்த நேரத்தில் சோர்ந்து விடுகிறவர்கள் உண்டு. ஆனால் இது பெரிய துப்பு. பியூஸ் பெட்டியைத் தொடாமல் பற்றரியிலிருந்து நேராகப் போகும் வயர்களை மட்டும் பார்த்தால் போதும். ஸ்டார்ட்டருக்குப் போகும் வயரை விட்டால் அப்படிப் போனது இரண்டுதான். ஒன்று ஓல்டனேற்றரின் தடித்த வயர். உள்ளே டயோட் பழுதானால் இரவில் கரண்ட் திரும்பி ஒழுகும். அதைக் கழற்றினோம், மாற்றமில்லை. மற்றது பின்சீற்றுக்குக் கீழே பிறகு பூட்டிய அம்பிளிபயர். அதன் வயரை இழுத்ததும் எண் ஏறக்குறையப் பூச்சியத்துக்கு விழுந்தது. சாவியோடு அணையவேண்டிய சின்ன வயரை யாரோ நிரந்தர கரண்டில் முறுக்கிவிட்டிருந்தார்கள். அம்பிளிபயர் பெட்டியைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடு. பாட்டே கேட்காமல் இரவு பகலாக விழித்திருந்திருக்கிறது.

வெகன் ஆர் போன்ற புது வாகனம் என்றால் பொறுமை இன்னும் வேண்டும். பூட்டிய பின்னும் உள்ளிருக்கும் கணினிகள் உறங்க அரை மணி நேரம் வரை, சிலதில் அதற்கு மேலும், எடுக்கும். அதற்குமுன் தெரியும் பெரிய எண்ணை நம்பவேண்டாம். கதவைத் திறந்துவைத்துச் சோதிக்கிறவர்கள் கதவின் பூட்டு நாக்கை ஸ்க்ரூ ட்ரைவரால் மடக்கிவிடுங்கள், பல வாகனங்கள் கதவு மூடியதாக எண்ணிக்கொள்ளும். ஹைபிரிட்டில் செம்மஞ்சள் வயர் எதையும் தொடவே கூடாது.

கரையோரத்தவர்கள் செய்யவேண்டிய சோதனை இன்னொன்று இருக்கிறது. மீற்றரை வோல்ற்றுக்கு மாற்றி, கறுப்பு முனையை நெகட்டிவ் குமிழில் வைத்து, சிவப்பு முனையைப் பற்றரியின் மூடிமேல், வெறும் பிளாஸ்டிக்கில், மெல்ல இழுத்துப் பாருங்கள். எண் ஏறினால் உப்பும் ஈரமும் அமிலமும் சேர்ந்து மூடிமேல் பாதை போட்டிருக்கின்றன. ஓரிரவில் இது பற்றரியைக் கொல்லாது. மீன்பாடில்லாத காலத்தில் வாரக்கணக்கில் நிற்கும் லொறிக்கு நட்டம்தான். மூடித் துளைகளுக்குள் தண்ணீர் இறங்காமல் சோடாவால் துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் மறுபடி துடைத்து, காயவிட்டு, மீற்றரைத் திரும்ப வையுங்கள். எண் பூச்சியத்துக்கு வரும்வரை துடைக்கவேண்டும்.