இன்ஜின் சத்தமும் ஆயில் விளக்கும்: கார் வைத்திருப்போருக்குச் சில குறிப்புகள்

இன்ஜினுக்குள் கிராங்க் சுற்றும்போது இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது ஒரு மெல்லிய ஆயில் படலம். அதை நிறுத்திவைப்பது ஆயில் பிரஷர். பிரஷர் குறைந்தால் சத்தம் வரும். அதனால் வண்டியில் புதிதாகச் சத்தம் கேட்டால் முதலில் ஆயிலைப் பாருங்கள்.

1. அலாவுதீன் விளக்கைப் போல ஒரு படம் டாஷ்போர்டில் இருக்கும். அதுதான் ஆயில் பிரஷர் விளக்கு. பெரும்பாலான கார்களில் சாவியைத் திருப்பியதும் அது சிவப்பாக எரியும். வண்டி ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் அணைந்துவிடும். சாவியைத் திருப்பும்போதே எரியவில்லை என்றால் நல்லதென்று விட்டுவிடாதீர்கள். பல்போ, வயரோ, ஸ்விட்சோ பழுதாக இருக்கலாம். பிரஷர் போனாலும் அது சொல்லாது.

2. ஓட்டிக்கொண்டிருக்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியைப் பத்திரமாக ஓரங்கட்டி நிறுத்தி, உடனே இன்ஜினை அணையுங்கள். நகரும்போதே அணைத்தால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் கனத்துப்போகும், ஆகவே நின்ற பிறகுதான். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போய்ப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். பல கார்களில் பிரஷர் சுமார் 0.3 முதல் 0.5 பார் வரை, அதாவது 4 முதல் 7 பிஎஸ்ஐ வரை, இறங்கிய பிறகுதான் இந்த விளக்கு எரியும். எரிகிறது என்றாலே இன்ஜின் ஆயில் இல்லாமல் தவிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ஓரிரு கிலோமீட்டரிலேயே பேரிங் போய்விடலாம். பிறகு கிராங்க்கை லேத்துக்கு அனுப்பவேண்டிய செலவு. ஆயில் அளவு குறைந்திருந்து, ஊற்றியும் விளக்கு அணையவில்லையா? ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

3. டிப்ஸ்டிக் பார்க்க வண்டி சமதரையில் நிற்க வேண்டும். இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்துக் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பாருங்கள். மேல்கோட்டுக்கும் கீழ்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆயில் காபி நிறத்தில் பால்போலக் கலங்கியிருந்தால் கூலன்ட் உள்ளே இறங்கியிருக்கலாம், வண்டியை எடுக்காதீர்கள். கருப்பாக இருப்பது மட்டும் கெட்டதற்கு அடையாளமல்ல. டீசல் வண்டியில் புது ஆயிலும் சீக்கிரமே கருத்துவிடும்.

4. மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல். சுற்றும் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையில் பிரஷர் நிற்காது.

5. சிலரது வண்டியில் பிரஷரை முள்ளால் காட்டும் மீட்டர் இருக்கும். பழைய மெக்கானிக்குகள் சொல்லும் கணக்கு, சூடான இன்ஜினில் 1000 ஆர்பிஎம்முக்குச் சுமார் 10 பிஎஸ்ஐ. இது தோராயம்தான், உங்கள் வண்டிக்கான அளவு கையேட்டில் இருக்கும். காலையில் முள் ஏறி நிற்பதும் சூடானதும் இறங்குவதும் இயல்பு. சூடான பிறகு ஐடிலிங்கில் விளக்கு மினுக்கி, ஆக்சிலேட்டரை மிதித்தால் அணைகிறது என்றால் ஆயில் நீர்த்திருக்கலாம். பேரிங்கோ பம்போ தேய்ந்திருக்கலாம்.

6. மேலிருந்து வரும் ‘டிக் டிக்’ பெரும்பாலும் டேப்பட் சத்தம். கேம் ஷாஃப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில் சுற்றுவதால் தாளமும் மெதுவாக இருக்கும். சூடானதும் மறைந்தால் அவசரமில்லை, ஆனால் ஆயில் அளவைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் கேஸ்கெட் கசிந்தாலும் இதே சத்தம்தான் கேட்கும்.

7. அடியிலிருந்து ‘டொக் டொக்’ என்று கனமாக வந்தால் அது வேறு விஷயம். வேகம் கூடக்கூடச் சத்தமும் நெருங்கி, லோடு ஏறும்போது பலத்து, சூடான பிறகும் குறையாமல் இருந்தால் கனெக்டிங் ராடு பேரிங் என்று சந்தேகப்படுங்கள். இதோடு பிரஷரும் குறைந்திருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். ராடு உடைந்தால் பிளாக்கையே கிழித்துக்கொண்டு வெளியே வரலாம்.

8. காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஓரிரு விநாடி ‘கரகர’ என்று கேட்டு நின்றால் டைமிங் செயின் டென்ஷனரைப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவான ஆயில் ஃபில்டரும் காரணமாகலாம்: அதிலுள்ள வால்வு சரியில்லை என்றால் இரவெல்லாம் ஆயில் கீழே வடிந்துவிடும்.

9. ‘கீச்’ என்றால் பெல்ட்.

10. வேகத்தடையில் அடிபட்டு ‘டமார்’ என்று கேட்டதா? இறங்கி அடியில் பாருங்கள். ஆயில் சொட்டாவிட்டாலும் நசுங்கிய ஆயில் பேன் உள்ளிருக்கும் சல்லடையை அடைத்து, பம்புக்கு ஆயில் போகாமல் செய்துவிடலாம்.

11. பிரஷர் குறைவு என்றதும் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி அளக்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் மட்டும் கெட்டிருந்தால் செலவு சொற்பம். 0W-20 கேட்கும் வண்டிக்குக் கெட்டியான 20W-50 ஊற்றிச் சத்தத்தை அடக்குவதும் வைத்தியமல்ல. முள் ஏறும், தேய்மானம் அப்படியே இருக்கும். காலையில் ஆயில் மேலே ஏறவும் தாமதமாகும்.

12. சத்தத்தைச் செல்போனில் பதிவு செய்யுங்கள். பானெட்டைத் திறந்தால் பெல்ட், ஃபேன் பக்கம் கையோ துப்பட்டாவோ போகக்கூடாது. இன்ஜின் அணைந்திருந்தாலும் ஃபேன் தானாகச் சுழலலாம். குளிரிலா சூட்டிலா, நிற்கும்போதா மேடு ஏறும்போதா, விளக்கு எரிந்ததா என்று எழுதிவைத்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.