மலைச்சாலையில் பழைய வேன்: பிரேக்கைச் சீர்திருத்தும் முறை

பழனி மலைத்தொடரின் உழவர்க்குச் சந்தை அடிவாரத்தில் இருக்கிறது. பூம்பாறைப் பூண்டும் தாண்டிக்குடி மலைவாழையும் வத்தலக்குண்டுக்கோ ஒட்டன்சத்திரத்துக்கோ இறங்கியாக வேண்டும். பழைய வேனையும் ஜீப்பையும் நம்பியிருப்போர் பலர். ஏறும்போது உழைப்பது எஞ்சின். இறங்கும்போது உயிர் காப்பது பிரேக்.

கொடைக்கானலுக்கும் வத்தலக்குண்டுக்கும் உயர வேறுபாடு ஏறத்தாழ 1,800 மீட்டர். சுமையுடன் 2,000 கிலோ எடையுள்ள வேன் இவ்வளவும் இறங்குகையில் வெளிப்படும் ஆற்றல், 100 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. கீழ் கியரில் வந்தால் பெரும்பகுதியை எஞ்சின் தாங்கும். நியூட்ரலில் வந்தால் ஏறக்குறைய முழுவதும் பிரேக்கின்மேல் விழும்.

டிரம் பிரேக் மிகச் சூடேறினால் டிரம் விரிந்து லைனிங்கைவிட்டு விலகுகிறது. லைனிங்கின் பிடிப்பும் தளர்கிறது. டிஸ்க்கோ காற்றுப்படத் திறந்திருப்பதால் விரைவில் ஆறுகிறது. ஆதலின் பிந்திய மாடல் வண்டியின் டிஸ்க்கை முன்சக்கரங்களுக்குப் பொருத்த நாம் விரும்புவது இயல்பே. ஆயினும் டிஸ்க்கை மட்டும் மாற்றுதல் அரைகுறை வேலையாகும். பின்வருவனவற்றையும் கவனித்தல் வேண்டும்.

1. மாஸ்டர் சிலிண்டர்: டிஸ்க்கின் காலிப்பருக்கு ஆயில் மிகுதியாகத் தேவை. பழைய சிறு சிலிண்டர் போதாமல் பெடல் தரையைத் தொடக்கூடும். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி வழியுள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டரே மலைக்கு உகந்தது. ஒரு குழாய் வெடித்தாலும் மற்றது ஓரளவு நிறுத்தும்.

2. பூஸ்டர்: டிஸ்க்கை அழுத்த வலிமை அதிகம் வேண்டும். டீசல் வண்டியில் வேக்கம் பூஸ்டர் வைத்தால் அதற்கு வேக்கம் பம்ப்பும் தேவை. எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினால், சில மிதிகளுக்குப் பின் பூஸ்டர் உதவாது.

3. சமநிலை: முன்சக்கரங்களுக்கு முன்னரே பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டால் வண்டி சுழன்றுவிடும். பின்சக்கரத்தின் பிடியை அதற்கேற்ப அமைத்தல் வேண்டும்.

4. இணைப்புத் தகடு: இதனை அளவு தவறாமல் நல்ல எஃகில் கடைசல் பட்டறையில் செய்விக்க வேண்டும். சக்கர அச்சில் வெல்டிங் வைத்தல் ஆகாது. ஸ்டியரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, ஹோஸ் இழுபடவில்லை, காலிப்பர் ரிம்மில் உரசவில்லை என்று உறுதி செய்க.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே வேலையைத் தொடங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக.

இவ்வளவு செலவுக்கு இயலாதவர் மனம் தளர வேண்டியதில்லை. பழைய பிரேக்கையே செம்மையாக வைத்தல் முதற் கடமை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதில் 205 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் டாட் 3 ஆயில், ஈரமேறினால் 140 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். அப்போது குழாயில் ஆவி நிறைந்து பெடல் வெறுமனே இறங்கும். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றுவதற்கு ஆகும் செலவு சிறிதே. பழைய லைனிங்கின் தூளில் கல்நார் இருக்கக்கூடும்; அதனை ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

அறுவடைக் காலத்திற்கு முன் ஊர் வண்டிகளைத் தேர்ந்த மெக்கானிக்கைக் கொண்டு ஒருநாள் சோதிக்க ஊராட்சி உறுப்பினர்கள் ஏற்பாடு செய்யலாம். எந்தப் பாகம் மாற்றினாலும், முதலில் சமதளத்தில் மெதுவாகவும், பின்னர்ச் சுமையுடனும் சோதித்த பிறகே மலையில் இறக்குக. ஏறிய கியரிலேயே இறங்குவது என்னும் பழைய ஓட்டுநர் வழக்கத்தைப் புதிய டிஸ்க் வந்த பின்னும் நாம் கைவிடலாகாது.