பழவேற்காட்டு இறால்: எங்கே உரிப்பது, எவ்வளவு உரிப்பது

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியதான பழவேற்காடு ஏரியில், இடத்தையும் நாளையும் மீனவர்கள் தமக்குள் முறைபோட்டுப் பகிர்ந்துகொள்ளும் ‘பாடு’ என்னும் ஊர் வழக்கின்படி வலை கட்டியும், இருளர் மக்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவிப் பனையோலைப் பறியில் சேர்த்தும் பிடிக்கும் இறால், கரைக்கு வந்தவுடன் வாங்குபவரிடம் ஒரு முடிவைக் கேட்கிறது. அங்கேயே முழுவதும் உரித்து வாங்குவதா, முழு இறாலாகவே வீட்டுக்குக் கொண்டுபோவதா, தலையை மட்டும் நீக்கிக் கொண்டுபோவதா என்பதே அது.

இம்மூன்றில் எது தக்கது என்பதை இறாலின் உடலமைப்பே தீர்மானிக்கிறது. இறாலின் செரிமானச் சுரப்பி தலைப்பகுதியில் இருக்கிறது. அதிலுள்ள நொதிகள், அதாவது உணவைக் கரைக்கும் பொருள்கள், இறால் இறந்த பின்பும் ஓயாமல் வேலை செய்து, கழுத்தையடுத்த சதையையே முதலில் குழையச் செய்கின்றன. எனவே, கெடுதல் தொடங்கும் இடம் தலை. ஓடோ அதற்கு நேர்மாறாக, சதையை ஈக்களிடமிருந்தும் பனிக்கட்டி உருகிய நீரிலிருந்தும் காக்கும் உறை.

முழுவதும் உரித்து வாங்குவதில் நேரம் மிஞ்சும் என்பது உண்மையே. ஆயினும் உறையிழந்த சதை, சென்னை வரையிலான ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வழியை வெயிலில் கடக்க வேண்டியிருப்பதால், அருகில் வசிப்பவர்க்கன்றிப் பிறர்க்கு அது ஏற்றதன்று. தலையுடன் கொண்டுபோவது, நிறையப் பனிக்கட்டி இருந்து, அன்றே சமைக்கப்படுமானால் மட்டுமே பொருந்தும். தொலைவிலிருந்து வருவோர்க்குத் தலையைக் கரையிலேயே திருகி எடுத்து, ஓட்டுடன் பனிக்கட்டியில் அடுக்கி, உரிக்கும் வேலையை அடுப்பு மூட்டுவதற்குச் சற்று முன்பு வைத்துக்கொள்வதே சிறந்தது. முழு இறாலின் எடையில் ஏறக்குறையப் பாதியே சதையாகத் தேறும் என்பதால், வாங்கும் அளவை அதற்கேற்பக் கணக்கிட வேண்டும்.

அடுத்த தெரிவு, முதுகில் ஓடும் கரிய கோட்டைப் பற்றியது. அடுக்களைகளில் நரம்பு எனப்படும் இது உண்மையில் குடல். நரம்பு வயிற்றுப்புறத்தில் வெண்மையாக இருக்கிறது, அதை எடுக்கத் தேவையில்லை. சேற்றுத் தரையில் மேயும் ஏரி இறாலின் குடலில் மண் இருப்பதால், பெரிய இறாலில் அதை நீக்காவிட்டால் பல்லில் நறநறக்கும். அவரைக்காயின் முனையைக் கிள்ளி இழுக்கும்போது நார் கூடவே வருவதுபோல, தலையைத் திருகி மெல்ல இழுத்தால் குடலும் பெரும்பாலும் அதனுடன் வந்துவிடும்; உடல் உருக்குலையாத இந்த முறை நடுத்தர இறாலுக்குப் போதுமானது. இடையில் அறுந்துபோனால், ஓட்டு வளையங்களின் நடுவே பல்குச்சியை நுழைத்து நெம்பி எடுக்கலாம். முதுகைக் கத்தியால் கீறுவது, மசாலா உள்ளே இறங்க வேண்டிய வறுவலுக்கும் பெரிய இறாலுக்கும் உகந்தது. குழம்பில் கீறிய இறால் விரைவில் வெந்து இறுகிவிடுகிறது. விரல்நுனி அளவுள்ள பொடி இறாலுக்குக் குடல் எடுப்பது வீண் உழைப்பு.

உரித்த பின் மஞ்சளும் உப்பும் சேர்த்துப் பிசறி, இருமுறை விரைந்து அலசினால் போதும். நீரில் ஊறவிட்டால் சுவை நீரோடு போய்விடும். ஓட்டில் தோன்றும் கரும்புள்ளிகள் காற்றுப்படுவதால் நொதி உண்டாக்கும் நிறமாற்றமே, அவற்றால் மட்டும் இறாலை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வீசினால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை, கொட்டிவிட வேண்டும். கரையில் திருகிய தலைகளை விட்டுவிடாமல் தனிப்பையில் பனிக்கட்டியுடன் கேட்டு வாங்கி, அன்றே வேகவைத்து வடிகட்டினால், குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக அந்தச் சாற்றையே ஊற்றலாம்.