குங்குமமும் மையும்: செடிகொடிகள் தந்த நிறங்கள்

அம்பிகையின் சந்நிதியில் பெற்ற குங்குமத்தை நெற்றியில் அணியும் அன்பர்கள் அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வது நலம். வடமொழியில் குங்குமம் என்பது குங்குமப்பூவுக்கே உரிய பெயர். காசுமீரத்துப் பாம்பூர் நிலங்களில் விளையும் அச்செடியின் பூ ஒன்றில் செந்நிறக் கீற்றுகள் மூன்றே உண்டு. ஒரு கிலோ உலர்ந்த குங்குமப்பூவுக்கு ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பூக்கள் வேண்டும். சந்தனத்தோடு குழைத்து மார்பிலும் தோளிலும் பூசியதாகப் பழைய நூல்கள் கூறும் குங்குமம் இதுவே. இஃது அரசர்க்கும் செல்வர்க்குமே எட்டிய பொருள். எல்லார் நெற்றிக்கும் வந்து சேர்ந்ததோ மஞ்சளிலிருந்து செய்த செம்பொடி. பொருள் மாறிற்று; பெயர் மட்டும் நின்றது.

நம் மத்தூர்ப் பக்கத்தில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் வழங்குதலின் மஞ்சளுக்குப் பசுபு, அரிசின என்னும் பெயர்களும் காதில் விழும். குங்குமத்திற்கோ மூன்று மொழியிலும் ஏறத்தாழ ஒரே சொல்தான்.

மஞ்சள் எங்ஙனம் சிவக்கிறது? இதற்கு விடை ஒவ்வொரு வீட்டின் ஆலத்தித் தட்டிலும் இருக்கிறது. மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பு சேர்த்த அளவில் நீர் குருதிபோற் சிவக்கும். அந்நீரிலேயே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சளாகிவிடும். மஞ்சளின் நிறத்திற்குக் காரணமான பொருளைக் குர்குமின் என்பர். 1815ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய அறிஞர் இதனைப் பிரித்தெடுத்தனர். காரம் பட்டால் சிவத்தலும் புளிப்புப் பட்டால் மஞ்சளாதலும் அதன் இயல்பு. ஆதலால் சுண்ணாம்பு தந்த சிவப்பு நிலையற்றது.

நிலைத்த சிவப்பு வேண்டியே நம் முன்னோர் வெண்காரத்தைக் கொணர்ந்தனர். வெண்காரமும் எலுமிச்சைச் சாறும் ஒருங்கே கூடி மஞ்சளோடு ஊறி உலரும்போது, புளிப்பால் மாறாத வேறொரு சிவப்பு பிறக்கிறது. மேலைநாட்டு வேதியியலார் வெண்காரத்தின் கூறு ஒரு பொருளில் உண்டா என்று காண மஞ்சள் தோய்த்த தாளைப் பயன்படுத்தினர். அவர்கள் சோதனையாகக் கண்டதும் நம் வீட்டுப் பெண்கள் குங்குமமாக இடித்ததும் ஒன்றே.

செய்முறை எளியது. உலர்ந்த மஞ்சள் கிழங்கைச் சிறு துண்டுகளாக உடைத்து, வெண்காரமும் படிகாரமும் பொடித்துக் கரைத்த எலுமிச்சைச் சாற்றில் ஊறவிடுவர். சாறு முழுதும் கிழங்கில் ஏறும்வரை நாள்தோறும் கிளறிக் கொடுப்பர். பின்னர் நிழலிலே உலர்த்துவர். வெயில் மஞ்சளின் நிறத்தைத் தின்றுவிடும் என்பது நினைவிருக்கட்டும். உலர்ந்ததை இடித்து, மெல்லிய துணியில் சலித்து, நெற்றியில் ஒட்டி நிற்பதற்காகச் சிறிது நல்லெண்ணெயோ நெய்யோ சேர்ப்பர். அளவுகள் வீட்டுக்கு வீடு வேறுபடும். வெண்காரம் உள்ளே செல்லத்தக்க பொருள் அன்று. ஆகவே குங்குமத்தைப் பிரசாதம் என்று நாவில் இடுதலும், குழந்தைகள் வாயில் வைக்க விடுதலும் கூடா. மஞ்சளுக்கு நாம் நெடுந்தொலைவு போக வேண்டுவதில்லை. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரங்களில் விளைகிறது; ஈரோட்டுச் சந்தையின் புகழோ நாடறிந்தது.

இனி மை. கண்ணுக்கு இடும் மையைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் பலகால் தோய்த்து உலர்த்திய துணியைத் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த தட்டில் படியும் கரியை வழித்து நெய்யில் குழைத்துச் செய்தனர். குழந்தைக்கு இடும் சாந்து, அரிசியையோ சவ்வரிசியையோ கருக வறுத்து நீர் விட்டுக் காய்ச்சிக் கொட்டாங்கச்சியில் உறைய வைத்தது. மலைவாழ் மக்கள் வேங்கை மரத்தைக் கீறினால் வடியும் செம்பாலைச் சேர்த்து வைத்துப் பொட்டாக இடுவர். உலர்ந்தபின் அது கருநிறம் கொள்ளும்.

எழுதும் மையும் செடியின் கொடையே. பனையோலையில் எழுத்தாணியாற் கீறிய எழுத்துக்கு நிறமில்லை. விளக்குக் கரியைக் கோவையிலை, ஊமத்தையிலை ஆகியவற்றின் சாற்றோடும் மஞ்சளோடும் குழைத்து ஏட்டின்மேல் தடவித் துடைத்தால், கீறலில் மட்டும் கருமை தங்கி எழுத்து விளங்கித் தோன்றும். பள்ளியில் சேரும் பிள்ளைக்கு இவ்வாறு மை பூசிய ஏட்டைக் கொடுத்தலை மையாடல் என்று விழாவாகவே கொண்டாடினர். இன்று நாம் அச்சில் ஓதும் தேவாரமும் திருவாசகமும் திவ்வியப் பிரபந்தமும் மையாடிய ஏடுகளின் வழியே வந்தவை. இக்காலச் சுவடி நூலகங்களில் எலுமிச்சம்புல் எண்ணெயில் கரியைக் குழைத்துத் தடவுகின்றனர். எழுத்தும் தெளியும், பூச்சியும் அணுகாது.

தாளில் எழுதும் மைக்குச் சவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் கிடைக்கும் கடுக்காய் பயன்பட்டது. கடுக்காயைக் காய்ச்சி வடித்த நீரில் அன்னபேதி சேர்ந்தால் துவர்ப்பும் இரும்பும் கூடிக் கருக்கும். ஐரோப்பியர் மாசிக்காய் கொண்டு செய்த மையும் இவ்வினமே. அன்னபேதி மிகுந்தால் ஆண்டுகள் செல்லச் செல்லத் தாளையே அரித்துவிடும். எமக்கு இலக்கணம் பயிற்றிய ஆசிரியர் கடுக்காய் மையைத் தாமே காய்ச்சுவார். கடையில் விற்ற புட்டி மையைச் 'சாயத் தண்ணீர்' என்றே சொல்லுவார்!

அதே கடுக்காய்தான் திருக்கோயில் துணிகளிலும் கருமையை நிறுத்துகிறது. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் தேருக்கும் மண்டபத்துக்கும் உரிய தொம்பை, தோரணங்களைக் கருப்பூர்க் கலம்காரியாக இன்றும் தீட்டுகின்றனர். 2021இல் இக்கலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கலம்காரியின் கருமை பிறக்கும் வகை வியப்புக்குரியது. வெல்லம் கரைத்த நீரில் இரும்புத் துண்டுகளைப் பல நாள் புளிக்கவிட்டு, அந்நீரால் கடுக்காய் ஏற்றிய துணியில் எழுதினால் எழுதிய இடம் கருக்கிறது. சிவப்புக்குச் சோழமண்டலக் கரையின் சாயவேர், நீலத்திற்கு அவுரி. அவுரியின் இலையில் நீலம் வெளிப்படத் தெரியாது. தழையை நீரில் ஊறவிட்டு, அந்நீரை அடித்துக் காற்றுப் படச் செய்தால் நீலம் அடியிற் படியும்.

இவற்றை எல்லாம் ஒதுக்கித் தள்ளியது கரித்தார். 1856இல் கொயினா மருந்தைச் செய்ய முயன்ற வில்லியம் பெர்கின் என்னும் பதினெட்டு வயது இளைஞர் கையில் எதிர்பாராது ஓர் ஊதாச் சாயம் கிடைத்தது. 1868இல் சாயவேரின் சிவப்பையும் செருமானியர் செயற்கையாகச் செய்தனர். 1897இல் செயற்கை நீலம் விலைக்கு வந்தது. சில ஆண்டுகளில் அவுரி பயிரிட்டோர் தொழில் சரிந்தது. துணிக்கு வந்த சாயம் துணியோடு நின்றிருந்தால் யாம் ஈண்டு எழுத வேண்டுவதில்லை. அது நெற்றிக்கும் வந்துவிட்டது.

இந்நாளில் கோயில் வாயிலிலும் சந்தையிலும் மலிவாய்க் கிடைக்கும் குங்குமத்தில் ஒரு பகுதி மாவுப் பொருளிலோ வெண்கல் பொடியிலோ செயற்கைச் சாயம் ஏற்றியது. ரோடமின் பி என்னும் துணிச்சாயமும் இதில் கலக்கப்படுவதுண்டு. அச்சாயம் கலந்த பஞ்சுமிட்டாயின் விற்பனையைத் தமிழக அரசு 2024 பிப்ரவரியில் தடை செய்தது. நாவிற்கு ஆகாதென்று விலக்கிய பொருளை நாள்தோறும் நெற்றியில் தேய்ப்பது முறையாகுமா? பழையன யாவும் நல்லன என்று யாம் வாதிடவில்லை. சாதிலிங்கமும் ஈயச் செந்தூரமும் மிகப் பழையவை. ஆயினும் முன்னதில் பாதரசமும் பின்னதில் ஈயமும் உள்ளன. இரண்டும் உடலுக்குப் பகை.

வாங்கிய குங்குமத்தை ஒருவாறு அறிய ஒரு வழி உண்டு. கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீர் ஊற்றி ஒரு சிட்டிகை தூவுக. மஞ்சளின் நிறப்பொருள் நீரில் எளிதிற் கரையாது. பொடி மெல்ல அடியில் தங்கும். நீர் உடனே பளிச்சென்ற ரோசா நிறம் கொண்டு பரவுமாயின் அது சாயம். மேலும், மஞ்சளால் ஆன குங்குமம் ஆழ்ந்த செங்காவி நிறமாய் இருக்குமேயன்றிக் கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பாய் இராது. இதனை அறியாமையால்தான் மக்கள் நல்ல குங்குமத்தை 'மங்கலாய் இருக்கிறது' என்று ஒதுக்கிச் சாயப் பொடியை விரும்பி வாங்குகின்றனர்.

பொட்டிட்ட இடத்தில் அரிப்போ கருமையோ தோன்றினால் அப்பொடியை உடனே நிறுத்துக. ஒட்டுப்பொட்டு அணிவோர்க்கு அதன் பசையிலுள்ள ஒரு வேதிப்பொருளால் நெற்றியில் வெண்மை படர்வதும் உண்டு. அதனைத் தெய்வக் குற்றமென்று மறைத்து வையாது தோல் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். அதுவரை நெற்றிக்குத் திருநீறு போதும்.