ஒன்றரை லட்சம் ரூபாய் டர்ன்டேபிள்: காசுக்கு ஏத்த சத்தமா?

போன தீபாவளி லீவுல மாமா ஒரு கேள்வி கேட்டார். "டேய், நீ இன்ஜினியரிங்தானே படிக்கிற? இந்த டர்ன்டேபிள் ஒன்றரை லட்சமாம். வாங்கலாமா, இல்ல ஏமாத்துறானுங்களா?" ரிட்டையர் ஆனப்ப வந்த பணம் அது. நான் யோசிக்காம "எல்லாம் டுபாக்கூர் மாமா"ன்னு சொல்லிட்டேன். ஹாஸ்டலுக்கு வந்து கணக்கு போட்டப்பதான் நான் சொன்னது பாதி தப்புன்னு புரிஞ்சது.

அந்தக் கணக்கை இங்கே தர்றேன். பிளஸ் டூ இயற்பியல் போதும்.

ஊசி

எல்.பி. இசைத்தட்டு நிமிடத்துக்கு 33⅓ முறை சுத்தும். வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே பள்ளம் விநாடிக்கு சுமார் 51 செ.மீ. வேகத்தில் ஓடும். கடைசிப் பாட்டு வர்ற உள்பக்கத்தில் ஆரம் சுமார் 6 செ.மீ.தான், வேகம் 21 செ.மீ. ஆகிடும். அங்கே 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை 21 மைக்ரானுக்குள் அடங்கணும். சாதாரண கூம்பு ஊசியின் முனை ஆரம் சுமார் 18 மைக்ரான், அதாவது விட்டம் 36. அலையை விடப் பெரிய முனை அந்த வளைவுக்குள் எப்படி ஒழுங்கா இறங்கும்? அதனாலதான் கடைசிப் பாட்டில் 'ஸ' வர்ற இடமெல்லாம் கரகரன்னு கேட்குது.

நீள்வட்ட ஊசியில் பக்கவாட்டு ஆரம் சுமார் 8 மைக்ரான். ஷிபாட்டா, மைக்ரோலைன் மாதிரி வடிவங்கள் இன்னும் மெல்லிசு. இவ்வளவு சின்ன வைரத்தை அந்த வடிவத்துக்குத் தீட்டுறது கஷ்டமான வேலை. ஆக, இங்கே கூடுதல் விலைக்கு இயற்பியல் காரணம் இருக்கு. ஆடியோ டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் கார்ட்ரிட்ஜ் உடல் ஒண்ணுதான்; ஊசி மாறினா விலை பல மடங்கு ஏறும்.

சுழலும் தட்டு

1979-இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வின் வேக ஏற்ற இறக்கம் 0.025 சதவீதம். இதை விடத் துல்லியம் வேணும்னு லட்சங்கள் கொடுக்கலாம். ஆனா இசைத்தட்டின் நடுத்துளை வெறும் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தா என்ன ஆகும்? 100 மி.மீ. ஆரத்தில் பிழை 0.5/100, அதாவது 0.5 சதவீதம். 1000 ஹெர்ட்ஸ் ஸ்வரம் ஒவ்வொரு சுற்றிலும் 995-க்கும் 1005-க்கும் நடுவில் ஊசலாடும். ரெண்டையும் அளக்கும் முறை கொஞ்சம் வேற, ஆனாலும் எது பெரிய பிழைன்னு தெளிவா தெரியுது. மோட்டாருக்கு எவ்வளவு செலவு பண்ணாலும் தட்டில் இருக்கும் பிழை போகாது.

அப்போ விலை எங்கிருந்து வருது?

நிறைய இடத்தில் எண்ணிக்கையில் இருந்து. லட்சக்கணக்கில் தயாரிச்சா அச்சு, டிசைன் செலவு பிரிஞ்சுடும். சில நூறு மட்டும் செஞ்சா ஒவ்வொண்ணு தலையிலும் ஏறும். டெக்னிக்ஸ் 1200 வரிசையை 2010-இல் நிறுத்தினாங்க. 2016-இல் புது மோட்டாரோட எஸ்எல்-1200ஜி திரும்பி வந்தப்போ விலை அமெரிக்காவில் சுமார் 4000 டாலர். இது ஏமாத்து இல்ல. ஆனா அந்த விலை முழுக்க நம்ம காதுக்கு வந்து சேரும்னும் அர்த்தம் இல்ல.

நான் கத்துக்கிட்டது இதுதான்: ஒரு சிஸ்டத்தில் முதல்ல பெரிய பிழையைத் தேடு, காசை அங்கே போடு. சின்ன பிழையை இன்னும் சின்னதாக்க ஆகுற செலவுக்கு எல்லையே இல்ல.

மாமாவுக்கு போன் போட்டேன். "மாமா, அன்னிக்கு அவசரப்பட்டு சொல்லிட்டேன், ஸாரி. உங்க ஊசி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் மெதுவா கேட்டார்: "ஊசிய மாத்தணுமாடா?"