விமான ஜிபிஎஸ்ஸை வீட்டு மேசைக்குக் கொண்டுவர சில சிக்கன வழிகள்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் விமான நிலையம் கிடையாது. அதனால் என்ன, வீட்டுக் கம்ப்யூட்டரில் ஃப்ளைட் சிமுலேட்டர் இருந்தால் மதுரையில் கிளம்பி ஆண்டாள் கோயில் மேலே ஒரு வட்டம் போட்டுவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். நிஜ விமானத்தில் பொருத்தும் கார்மின் ஜிபிஎஸ் பெட்டி பல லட்ச ரூபாய். அதே பெட்டியை, அதே பொத்தான்களோடு, நம்ம மேசையில் ஓடவைக்கச் செலவு அவ்வளவு இல்லை. விமானத்தைக் கிளப்பவும் இறக்கவும் ஏற்கெனவே பழகியவர்களுக்காக இந்தக் குறிப்புகள்.

1. பர்ஸைத் திறப்பதற்கு முன் கையில் இருப்பதைப் பாருங்கள். எக்ஸ்-பிளேனில் கார்மினின் ஜிஎன்எஸ் 430, 530 இரண்டும் கூடவே வருகின்றன. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டருக்கு வொர்க்கிங் டைட்டில் குழு செய்த அதே இரண்டும் இலவசம்தான்.

2. ஜிஎன்எஸ் 430 வந்தது 1998-ல், தொடுதிரை ஜிடிஎன் வரிசை வந்தது 2011-ல். பழசு என்று 430-ஐ ஒதுக்கிவிடாதீர்கள். அதில் கை பழகினால் ஜிடிஎன் தானாக வரும், ஜிடிஎன்னில் பழகியவர்கள் 430-க்குத் திரும்பினால் திணறுவார்கள்.

3. தொடுதிரைதான் வேண்டும் என்றால் பிஎம்எஸ்50 ஜிடிஎன் 750-இன் இலவச வடிவத்தை முதலில் போட்டுப் பாருங்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகும் ஏதோ வசதி குறைகிறது என்று தோன்றினால் மட்டும் கட்டண வடிவத்துக்குப் போகலாம். வெளிநாட்டு நாணயத்தில் விலை போட்டிருப்பதால் வங்கி பிடிக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

4. டிடிஎஸ் நிறுவனத்தின் ஜிடிஎன்எக்ஸ்ஐ வேறு ரகம். கார்மின் விமானிகளுக்காக இலவசமாகத் தரும் பயிற்சி மென்பொருளையே அது சிமுலேட்டருக்குள் ஓட்டுகிறது, அதனால் நிஜப் பெட்டியில் உள்ள மெனு அத்தனையும் இதிலும் இருக்கும். நுணுக்கம் பிடித்தவர்களுக்குக் கொடுத்த காசு வீண் போகாது. சும்மா ஊர் சுற்றிப் பார்க்கிறவர்களுக்கு இது தேவையே இல்லை.

5. அந்தப் பயிற்சி மென்பொருளைச் சிமுலேட்டர் இல்லாமல் தனியாகவும் ஓட்டலாம். சாதாரண லேப்டாப் போதும், கரண்டும் மிச்சம். இறக்க வேண்டிய அளவு பெரிது என்பதால் வீட்டில் யாரும் வீடியோ பார்க்காத இரவு நேரத்தில் போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

6. கார்மின் விமானி கையேடுகள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் எடுத்துக் காகிதத்தை வீணாக்க வேண்டாம். பக்கங்களின் வரிசையைக் காட்டும் படம், டைரக்ட்-டூ, பிரசீஜர் ஆகிய மூன்றுக்கு உரிய தாள்களை மட்டும் ஜெராக்ஸ் எடுத்து மானிட்டர் ஓரத்தில் ஒட்டினால் போதும்.

7. 430-இன் வலப்பக்க இரட்டைக் குமிழ்தான் எல்லோரையும் குழப்பும். பெரிய குமிழ் அலமாரியைத் தேர்ந்தெடுக்கும், சின்னக் குமிழ் அந்த அலமாரியில் உள்ள டப்பாவை எடுக்கும், சின்னதை அழுத்தினால் டப்பா திறக்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திருகினால் கை தானாகப் போகும்.

8. எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விட்டதா? சிஎல்ஆர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடியுங்கள், முதல் வழிகாட்டிப் பக்கத்துக்கே வந்துவிடும்.

9. அவசரத்துக்குப் பக்கத்து விமான நிலையம் வேண்டும் என்றால் பெரிய குமிழை வலப்பக்கம் கடைசி வரை திருகுங்கள். பக்கத்தில் உள்ளவற்றின் பட்டியல் அங்கே இருக்கும். வேண்டியதைத் தேர்ந்து டைரக்ட்-டூ, பிறகு என்டர், மறுபடி என்டர். ராஜபாளையம் மேலே இன்ஜின் நின்றதாக வைத்துக்கொண்டு இதைப் பழகிப் பாருங்கள்: மதுரை ஏறத்தாழ 40 கடல் மைல், தூத்துக்குடி 50-க்கு மேல். இரண்டும் எட்டாது என்பது பட்டியலைப் பார்த்த உடனே புரியும், வயலைத் தேட வேண்டியதுதான்.

10. விமான டிக்கெட்டில் மதுரைக்கு ஐஎக்ஸ்எம் என்று போட்டிருப்பார்கள். ஜிபிஎஸ்ஸுக்கு அது புரியாது, விஓஎம்டி என்று கொடுக்க வேண்டும். தூத்துக்குடி விஓடிகே, திருவனந்தபுரம் விஓடிவி, சென்னை விஓஎம்எம். மதுரையும் சென்னையும் கடைசி எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம், அங்கே கவனம்.

11. நம்ம ஊர் எதுவும் ஜிபிஎஸ் தரவில் இருக்காது, நாமே புள்ளி வைக்க வேண்டும். ஜிஎன்எஸ்ஸில் பெயருக்கு ஐந்து எழுத்துதான் இடம் என்பதால் எஸ்ஆர்ஐவிஐ, ஆர்ஜேபிஎம் மாதிரி சுருக்கிக்கொள்ளுங்கள். உங்கள் கருவியில் சொந்தப் புள்ளி வைக்கும் வசதி இல்லாவிட்டால் லிட்டில் நேவ்மேப் என்ற இலவச மென்பொருளில் வரைபடத்தைக் கிளிக் செய்து திட்டம் போட்டு, அங்கிருந்து சிமுலேட்டருக்கு அனுப்பிவிடலாம். எக்ஸ்-பிளேன் என்றால் அந்தக் கோப்பு அவுட்புட் அடைவுக்குள் இருக்கும் எஃப்எம்எஸ் பிளான்ஸில் போக வேண்டும்.

12. புள்ளி வைக்கும்போது நிறையப் பேர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. போன் வரைபடம் ராஜபாளையத்தை 9.45, 77.55 என்று தசமத்தில் காட்டும். ஜிபிஎஸ் கேட்பது பாகையும் கலையும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை 60-ஆல் பெருக்கினால் 9 பாகை 27 கலை வடக்கு, 77 பாகை 33 கலை கிழக்கு என்று வரும். பெருக்காமல் 45, 55 என்றே அடித்தால் ராஜபாளையம் டி.கல்லுப்பட்டிப் பக்கம் போய் நிற்கும்! ஸ்ரீவில்லிபுத்தூருக்கு 9 பாகை 30.6 கலை, 77 பாகை 37.8 கலை.

13. மதுரையில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சுமார் 34 கடல் மைல். செஸ்னா 172-இல் இருபது நிமிடத்துக்குள் வந்துவிடலாம், குக்கர் வைத்துவிட்டு உட்கார்ந்தாலும் சரியாக இருக்கும்.

14. இந்த வழியில் ஜிபிஎஸ் சொல்வதைக் கண்ணால் சரிபார்க்கக் கீழேயே அடையாளம் இருக்கிறது. திருமங்கலத்தில் இருந்து கொல்லம் போகும் 744-ஆம் தேசிய நெடுஞ்சாலையும், விருதுநகர்–தென்காசி ரயில் பாதையும் இரண்டு ஊரையும் தொட்டுக்கொண்டு போகின்றன. சிமுலேட்டரில் ஆண்டாள் கோயிலின் 11 நிலைக் கோபுரம் தெரியாமல் போகலாம், தண்டவாளம் பெரும்பாலும் தெரியும்.

15. மேற்கே திரும்பும்போது டைரக்ட்-டூவை நம்பிக் கண்ணை மூடாதீர்கள். அது கோடு போடும், நடுவில் மலை இருக்கிறதா என்று யோசிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள கோட்டைமலை 2,019 மீட்டர், அதாவது 6,600 அடிக்கும் மேல். மதுரை–திருவனந்தபுரம் நேர்கோடோ தென்காசியை ஒட்டிக் குற்றாலம் பக்கத்து மலைகளுக்குள் நுழைகிறது. தாழ்வாகப் பறக்க ஆசை என்றால் செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு கணவாயில் ஒரு புள்ளி வைத்துத் திட்டத்தில் செருகுங்கள். இல்லையென்றால் 9,000 அடிக்கு ஏறிவிடுவது நல்லது.

16. டெரெயின் பக்கத்தில் மஞ்சள் தெரிந்தால் தரை உங்களுக்குக் கீழே 1,000 அடிக்குள் இருக்கிறது. சிவப்பு என்றால் 100 அடிக்குள், அல்லது உங்களை விட உயரத்தில். தொடரை நோக்கிப் போகும்போது இரண்டாவது ஜிபிஎஸ் இருந்தால் அதை இந்தப் பக்கத்திலேயே விட்டுவையுங்கள்.

17. ஊசி நடுவில் இருக்கிறது என்று சந்தோஷப்படுவதற்கு முன் அளவைப் பாருங்கள். பழைய 430-இல் வழிநெடுக ஊசியின் முழு அசைவு 5 கடல் மைல், விமான நிலையம் நெருங்கும்போது 1, இறங்கும்போது 0.3. ஒரே விலகல் மூன்று இடத்தில் மூன்று தூரம்.

18. திருவனந்தபுரத்தில் 32-ஆம் ஓடுபாதைக்கு ஐஎல்எஸ் பிடித்து இறங்குகிறீர்கள், ஆட்டோபைலட் கண்டுகொள்ளாமல் போகிறதா? சிடிஐ பொத்தானை அழுத்தி ஜிபிஎஸ்ஸில் இருந்து விஎல்ஓசிக்கு மாற்றுங்கள். இறங்காமல் மறுபடி மேலே ஏறும்போது திட்டம் நகர மறுத்தால் ஓபிஎஸ் பொத்தானுக்கு மேலே சஸ்ப் என்று எரிகிறதா பாருங்கள், ஒரு தட்டு தட்டினால் தொடரும்.

19. திரும்பி வர மறுபடி முழுத் திட்டமும் அடிக்க வேண்டாம். திட்டப் பக்கத்தில் மெனுவை அழுத்தினால் அதைத் தலைகீழாக்கும் வசதி இருக்கும்.

20. வழித்தடத் தரவு 28 நாளுக்கு ஒரு முறை மாறும், வருடத்துக்கு 13 முறை. நமக்கு அத்தனையும் தேவையில்லை. நேவிகிராஃப் சந்தாவை ஒரு மாதம் மட்டும் கட்டி இறக்கிக்கொண்டால், சந்தா முடிந்தாலும் இறக்கிய தரவு அப்படியே வேலை செய்யும். திட்டம் போட சிம்பிரீஃப் பழைய சுழற்சித் தரவோடு இலவசமாகவே கிடைக்கிறது, இந்திய வரைபடங்களோ விமான நிலைய ஆணையத்தின் மின்னணு ஏஐபியில் காசில்லாமல் இருக்கின்றன. தூத்துக்குடிக்கு மட்டும் தரவின் தேதியைப் பாருங்கள். அங்கே 2025 ஜூலையில் புது முனையம் திறந்தார்கள், 1,350 மீட்டர் ஓடுபாதையை 3,115 மீட்டராக நீட்டும் வேலையும் அதே திட்டத்தில் நடந்தது. பழைய காட்சித் தொகுப்பில் பழைய குட்டை ஓடுபாதையே இருக்கும்.

21. ஜிபிஎஸ்ஸைத் தனித் திரைக்கு இழுக்க மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் வலப்பக்க ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அந்தத் திரையைக் கிளிக் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் இடம் மாறித் தொலைக்கிறதே என்பவர்களுக்குப் பாப் அவுட் பேனல் மேனேஜர் என்ற இலவசக் கருவி இருக்கிறது. இடத்தை நினைவில் வைத்துக்கொள்வதோடு தொடுதிரையையும் ஒழுங்காக வேலை செய்ய வைக்கும்.

22. அலமாரியில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டை எடுங்கள். ஸ்பேஸ்டெஸ்க் என்ற இலவச மென்பொருள் அதை இரண்டாவது மானிட்டர் ஆக்கிவிடும். ஜிடிஎன் 750-இன் நிஜத் திரை 6.9 அங்குலம், ஆகவே 8 அங்குல டேப்லெட் கச்சிதம். 430-க்கு 3.8 அங்குலம்தான், ஓரம் உடைந்த 5 அங்குல போனே போதும். வைஃபையில் தடங்கினால் யுஎஸ்பி ஒயரில் இணையுங்கள், படத் தரத்தையும் ஒரு படி குறையுங்கள்.

23. தனித் திரை போட்டதும் சிமுலேட்டர் திணறுவது சகஜம். மைக்ரோசாஃப்ட் அமைப்பில் கிளாஸ் காக்பிட் புதுப்பிப்பு வேகத்தைக் குறைத்துவிடுங்கள், வரைபடம் மெதுவாக நகர்ந்தால் ஒன்றும் குடிமுழுகிவிடாது.

24. முகப்புச் சட்டத்துக்குச் சிவகாசித் தினசரிக் காலண்டர் அட்டையை விட்டால் வேறு பொருள் வேண்டாம். வருஷம் முடிந்ததும் எடைக்குப் போடாமல் இரண்டு மூன்று எடுத்து வையுங்கள். கெட்டி, பிளேடால் வெட்டினால் பிசிறு அடிக்காது. இங்கே பேசும் கார்மின் பெட்டிகள் எல்லாமே ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் அகலம். உயரம் மட்டும் 430-க்கு 6.7, 530-க்கு 11.7, ஜிடிஎன் 750-க்கு 15.2. பெட்டியின் படத்தை அதே அளவில் கலர் பிரிண்ட் எடுத்து ஃபெவிகாலில் ஒட்டி, ஓரத்துக்கு மட்டும் பளபளப்பு இல்லாத கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். திரைக்கான ஓட்டையைக் கடைசியில் வெட்டினால் அட்டை வளையாது.

25. நிஜக் குமிழ் வேண்டுமா? அர்டுயினோ ஒன்று, அழுத்தும் பொத்தானோடு வரும் ரோட்டரி என்கோடர் இரண்டு, மொபிஃப்ளைட் இலவச மென்பொருள், அவ்வளவுதான். ஒன்றுக்குள் ஒன்றாகச் சுழலும் இரட்டை என்கோடர் விலை அதிகம். தனித்தனியாக இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பார்க்கத்தான் வித்தியாசம், வேலை ஒன்றே. தலைக்குப் பழைய டேப் ரெக்கார்டர் வால்யூம் குமிழ் பொருந்துகிறதா என்று பாருங்கள். சென்னை போகிறவர்கள் இருந்தால் ரிச்சி தெருவில் வாங்கி வரச் சொல்லலாம்.

26. சால்டரிங் வராதவர்களுக்கு யுஎஸ்பி எண்பலகை. எக்ஸ்-பிளேனில் 430-இன் ஒவ்வொரு பொத்தானுக்கும் தனிக் கட்டளை இருப்பதால் விசைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மேலே பெயர் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ளுங்கள்.

27. சத்திரப்பட்டி பேண்டேஜ் துணி வீட்டில் இருந்தால் சிபியு காற்று வரும் பக்கம் ஒரே ஒரு மடிப்பு கட்டுங்கள், பஞ்சும் தூசியும் உள்ளே போகாது. வாரம் ஒரு முறை அலசிக் காயப்போட வேண்டும். திரை துடைக்க மட்டும் அது ஆகாது, நூல் உதிரும். அதற்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டிதான் சரி.

28. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளை முந்தின நாள் பேப்பரில் பார்த்துவிடுங்கள். யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டரோடு ரவுட்டரையும் சேர்த்து மாட்டினால்தான் டேப்லெட் ஜிபிஎஸ் அணையாமல் இருக்கும், நடு வானில் சேமித்துவிட்டு எழுந்திருக்க ஐந்து நிமிடம் கிடைக்கும்.

29. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் மூன்று மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு யூனிட் இழுக்கும். பிரேம் வேகத்தை 30-க்குக் கட்டிப்போட்டால் ஜிபிஎஸ் பயிற்சிக்கு ஒரு குறையும் தெரியாது, சூடும் விசிறிச் சத்தமும் குறையும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தொடப்போகும் வீடுகளில் மீட்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது புத்திசாலித்தனம்.